பல்லாண்டு இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் குறைபாடு: அதனுடன் வாழ்தலும் எஞ்சிய செவித்திறனைக் காத்தலும்

(நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணும் குடும்பத்தினருக்கும்)

விசைத்தறிக் கூடம், நூற்பாலை, இரும்புப் பட்டறை, கல் உடைக்கும் ஆலை, கொதிகலன் அறை, அரிசி ஆலை, கனரக வாகனத்தின் எஞ்சின் அருகு ஆகிய இடங்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்குச் செவித்திறன் சிறிது சிறிதாகக் குறைகிறது. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆகவே பாதிக்கப்பட்டவர் அதனை நோயாகக் கருதுவதில்லை. பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களே முதலில் உணர்கின்றனர். ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, சோமனூர், பல்லடம் போன்ற தறிப் பகுதிகளில் "தறிக்காரர் என்றால் உரக்கத்தான் பேசுவார்" என்று சொல்லி இக்குறையை இயல்பானதாகவே ஏற்றுக்கொண்டுவிடுகின்றனர். இது இயல்பானதன்று, தொழிலால் வரும் நோய். இழந்த செவித்திறனை மருந்தால் மீட்க இயலாது. எனினும் எஞ்சியிருப்பதைக் காக்கவும், அதனைக் கொண்டு நன்றாக வாழவும் இயலும். அதற்கான வழிகளை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

- இரைச்சலால் சிதைந்த உட்செவிச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. மாத்திரை, சொட்டு மருந்து, எண்ணெய் ஆகியவற்றால் இக்குறை தீராது.
- இரைச்சலிலிருந்து விலகினாலோ, காதுக்குப் பாதுகாப்பு அணிந்தாலோ, இரைச்சலால் வரும் சேதம் அத்துடன் நிற்கும். எந்த வயதிலும் இதனைத் தொடங்கலாம்.
- முறையாகப் பொருத்தப்பட்ட காது கேட்கும் கருவியும், குடும்பத்தினர் பேசும் முறையில் செய்யும் சில மாற்றங்களும் பெரும்பயன் தரும்.
- திடீரெனக் காது கேளாமற்போவது அவசர நிலை. அதற்குக் காத்திருக்கக் கூடாது.
- இது சட்டப்படி அறிவிக்கப்பட்ட தொழில்சார் நோய். தகுதியுள்ள தொழிலாளர் இழப்பீடு கோரலாம்.

எவ்வளவு இரைச்சல் தீங்கானது?

ஒலியின் அளவு டெசிபல் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். நாள்தோறும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் இருப்பது, ஆண்டுகள் செல்லச் செல்லச் செவியைக் கெடுக்கும். நாடா ஓடும் விசைத்தறிகள் பல இயங்கும் கூடத்தில் இரைச்சல் பெரும்பாலும் 90 டெசிபலைக் கடந்திருக்கும்.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கைப் போன்றதன்று. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இருமடங்காகிறது; எனவே பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் பாதியாகிறது. காதுக்குப் பாதுகாப்பு இல்லாதபோது ஒரு நாளில் இருக்கத்தக்க நேரம் வருமாறு:

- 85 டெசிபல்: 8 மணி நேரம்
- 88 டெசிபல்: 4 மணி நேரம்
- 91 டெசிபல்: 2 மணி நேரம்
- 94 டெசிபல்: 1 மணி நேரம்
- 100 டெசிபல்: 15 நிமிடம்

அளவுமானி இல்லாத இடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கை நீளத் தொலைவில் நிற்பவரிடம் நீங்கள் உரத்துக் கூவினால்தான் அவருக்குக் கேட்கிறது என்றால், அவ்விடத்தின் இரைச்சல் பெரும்பாலும் தீங்கான அளவில் உள்ளது. பணி முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்ததுபோல் இருப்பதும், இரவில் காதினுள் "ஙொய்" என்று ஒலிப்பதும் அன்றைய இரைச்சல் அளவை மீறியது என்பதன் அடையாளங்கள்.

தொழிலாளர்கள் மட்டுமன்றி, தவில், பறை, செண்டை இசைக்கும் கலைஞர்கள், ஒலிபெருக்கி அமைப்போர், வெடி தொடர்பான பணி செய்வோர் ஆகியோருக்கும் இது பொருந்தும். வீட்டின் ஒரு பகுதியிலேயே தறி ஓடும் குடும்பங்களில், தறி ஓட்டாத பெண்களும் முதியோரும் குழந்தைகளும் அதே இரைச்சலில் வாழ்கின்றனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

காதினுள் நிகழ்வது என்ன?

ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. நடுக்காதிலுள்ள மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தை ஓட்டைப் போன்று சுருண்டுள்ள காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. அதில் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 உணர்மயிர்ச் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவன இவையே.

நெற்பயிர் மீது நடந்தால் பயிர் சாய்கிறது; சில மணி நேரத்தில் நிமிர்கிறது. நாள்தோறும் அதே தடத்தில் நடந்தால் அங்கே பயிர் இல்லாமற்போகிறது. உணர்மயிர்ச் செல்களின் நிலையும் இதுவே. தொடக்கத்தில் பணி முடிந்து ஓய்வெடுத்தபின் செவித்திறன் திரும்புகிறது. இது தொடர்ந்து நிகழும்போது செல்கள் மடிகின்றன. மனித உடலில் இச்செல்கள் மீண்டும் உருவாவதில்லை.

பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண் பகுதியில் தொடங்குகிறது. பாதுகாப்பில்லாத பணியின் முதல் 10 முதல் 15 ஆண்டுகளில் இது வேகமாக வளர்கிறது. உரையாடலுக்கு மிகவும் தேவையான தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்கள் அப்போது ஓரளவு நன்றாகவே இருப்பதால் குறை வெளியே தெரிவதில்லை. பிற்காலத்தில் வயது மூப்பும் சேரும்போதுதான் "திடீரென்று காது மந்தமாகிவிட்டது" என்று தோன்றுகிறது.

"சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை"

இந்நோயாளிகள் பெரும்பாலோர் கூறும் முதன்மையான குறை இதுவே. காரணம் தமிழ் ஒலிகளிலேயே உள்ளது. உயிரொலிகளும் மெல்லின ஒலிகளும் தாழ்ந்த அதிர்வெண்ணும் மிகுந்த ஆற்றலும் கொண்டவை. வல்லின ஒலிகளின் வேறுபாட்டை உணர்த்தும் பகுதி, குறிப்பாக ச, த போன்றவற்றில், மெலிந்தது. உயர் அதிர்வெண்ணில் அமைவது. எனவே ஒருவர் பேசுவது காதில் விழும். ஆனால் அவர் கூறியது "காசு" என்பதா, "காது" என்பதா, "பட்டு" என்பதா, "பத்து" என்பதா என்று பிரித்தறிய இயலாது. இதனால் கணக்கு வழக்கிலும் மருந்து அளவிலும் தவறுகள் நேரலாம்.

பிற அறிகுறிகள்:

- பெண்கள், குழந்தைகள் பேசுவது ஆண்கள் பேசுவதைவிடக் குறைவாகப் புரிதல்
- கல்யாண வீடு, சந்தை, பேருந்து போன்ற கூட்ட இரைச்சலில் உரையாடலைத் தொடர இயலாமை
- தொலைக்காட்சியின் ஒலியை மற்றவர் பொறுக்க இயலாத அளவுக்குக் கூட்டுதல்
- தொலைபேசியில் அடிக்கடி "என்ன?" என்று கேட்டல்
- காதிரைச்சல்: வெளியே ஒலி இல்லாதபோதும் காதினுள் ரீங்காரம், விசில், வண்டு முரலுவது போன்ற ஒலி கேட்டல்
- மெல்லிய ஒலி கேளாமலும், சற்று உரத்த ஒலி தாங்க இயலாமலும் இருத்தல். "மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை, உரக்கப் பேசினால் ஏன் கத்துகிறாய் என்கிறார்" என்று குடும்பத்தினர் குறைப்படுவது இதனால்தான். இது பிடிவாதமன்று, உட்செவிச் சேதத்தின் இயல்பு.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

இரைச்சலால் வரும் குறைபாடு பொதுவாக இரு காதுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், பல ஆண்டுகளாக மெல்ல வளர்வது. அவ்வாறன்றிக் கீழ்க்கண்டவை காணப்பட்டால் வேறு காரணம் இருக்கக்கூடும்:

- சில மணி நேரத்திலோ மூன்று நாட்களுக்குள்ளோ ஒரு காது திடீரெனக் கேளாமற்போதல். உடனே சிகிச்சை தொடங்கினால் மீள வாய்ப்புண்டு. வாரக்கணக்கில் தாமதித்தால் அவ்வாய்ப்பு குறையும்.
- காதிலிருந்து சீழ் அல்லது குருதி வடிதல், கடும் காது வலி
- தலைச்சுற்றல், நடையில் தள்ளாட்டம், முகத்தின் ஒரு பக்கம் செயலிழத்தல்
- ஒரு காதில் மட்டும் குறைபாடு அல்லது இரைச்சல். நாடித்துடிப்புடன் சேர்ந்து ஒலிக்கும் காதிரைச்சல்
- வெடி விபத்துக்குப்பின் காது அடைத்தல்

எப்பரிசோதனைகள் செய்யப்படும்?

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உள்ளது. மருத்துவர் முதலில் காதினுள் விளக்கு கொண்டு பார்ப்பார். குறும்பி அடைத்திருப்பதும் செவிப்பறையில் துளை இருப்பதும் சிகிச்சையால் சரிசெய்யத்தக்க காரணங்கள். அவற்றை முதலில் நீக்க வேண்டும்.

பின்னர் ஒலிபுகா அறையில் செவித்திறன் அளவிடும் ஆடியோமெட்ரி சோதனை நடைபெறும். காதில் ஹெட்போன் அணிவித்து வெவ்வேறு அதிர்வெண்ணில் ஒலிகளை அனுப்புவர். மிக மெல்லிதாகக் கேட்டாலும் கை உயர்த்தவோ பொத்தானை அழுத்தவோ வேண்டும். வலியற்ற சோதனை. இதன் வரைபடமே ஆடியோகிராம். இரைச்சலால் பாதிக்கப்பட்டவரின் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பள்ளம் காணப்படும்.

இச்சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் இரைச்சலில் இருக்கக் கூடாது. இரவுப் பணி முடித்து நேரே வந்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும். வார விடுமுறைக்கு மறுநாள் காலை, பணிக்குச் செல்லும் முன் வருவது நன்று. வரும்போது இவற்றை எழுதி எடுத்து வாருங்கள்: எந்தெந்த வேலையில் எத்தனை ஆண்டுகள் இருந்தீர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், தற்போது உட்கொள்ளும் மருந்துகள், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளனவா என்னும் விவரங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி, நன்கு கேட்கும் காதில் 20 முதல் 34 டெசிபல் வரையிலான இழப்பு இலேசானது. 35 முதல் 49 வரை மிதமானது. 50 முதல் 64 வரை மிதமானதைவிடக் கடுமையானது. 65 முதல் 79 வரை கடுமையானது. 80 முதல் 94 வரை மிகக் கடுமையானது. ஆடியோகிராமின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டின் வரைபடத்துடன் ஒப்பிடுவதற்கும், இழப்பீடு கோருவதற்கும் அது தேவைப்படும்.

சிகிச்சையால் இயல்வதும் இயலாததும்

மடிந்த உணர்மயிர்ச் செல்களை உயிர்ப்பிக்கும் மருந்தோ அறுவை சிகிச்சையோ இன்று இல்லை. "நரம்புக்கு வலுவூட்டும்" என்று விற்கப்படும் மாத்திரைகளுக்கும் எண்ணெய்களுக்கும் செலவிடுவதைத் தவிர்த்து, அப்பணத்தைக் கருவிக்கும் பரிசோதனைக்கும் பயன்படுத்துவது அறிவுடைமை. காதில் காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் முதலியவற்றை விடக் கூடாது. கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி கொண்டு காது குடையக் கூடாது.

சில மருந்துகள் உட்செவியை மேலும் பாதிக்கக்கூடும்: ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், அதிக அளவிலான ஆஸ்பிரின் ஆகியவை அவற்றுள் சில. உங்களுக்குச் செவித்திறன் குறைபாடு உண்டு என்பதை எந்த மருத்துவரிடமும் முதலிலேயே கூறுங்கள். ஆனால், ஏற்கெனவே எழுதித் தரப்பட்ட மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும் புகைபிடித்தலை விடுவதும் செவிக்கும் நன்மை தரும்.

காது கேட்கும் கருவி

அன்றாட உரையாடலில் இடர்ப்பாடு தொடங்கியதுமே கருவி குறித்து ஆலோசிக்க வேண்டும். முழுவதும் கேளாமற்போகட்டும் என்று காத்திருப்பது தவறு. நெடுங்காலம் ஒலி எட்டாத மூளை, சொற்களைப் பிரித்தறியும் பழக்கத்தை இழக்கிறது. பிறகு கருவி அணிந்தாலும் பயன் குறைகிறது.

ஆடியாலஜிஸ்ட் எனப்படும் கேட்பியல் வல்லுநர் உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்பக் கருவியைச் சீரமைப்பார். எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் பெரிதாக்கும் மலிவான ஒலிபெருக்கிகள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. அவை உங்களுக்குக் கேளாத ஒலியுடன் நன்கு கேட்கும் ஒலியையும் பெரிதாக்கித் தொல்லை தருவதோடு, எஞ்சிய செவியையும் கெடுக்கலாம். இரு காதுகளிலும் குறைபாடு இருப்பின் இரு காதுகளுக்கும் கருவி அணிவது நன்று. ஒலி வரும் திசையை அறியவும், கூட்டத்தில் பேச்சைப் பிரித்தறியவும் அது உதவும்.

பழகும் முறை:

- முதல் சில நாட்கள் அமைதியான அறையில், ஒருவருடன் பேசும்போது மட்டும் ஒரு மணி நேரம் அணியுங்கள். பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள்.
- மின்விசிறி ஓசை, பாத்திர ஓசை, உங்கள் குரல் ஆகியவை முதலில் அயலாகத் தோன்றும். அவற்றைப் புறக்கணிக்க மூளை கற்றுக்கொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டு வைத்துவிடாதீர்கள்.
- "கீ" என்னும் ஒலி எழுந்தால் கருவி சரியாகப் பொருந்தவில்லை, அல்லது குறும்பி அடைத்துள்ளது என்று பொருள். கேட்பியல் வல்லுநரிடம் காட்டுங்கள்.

பராமரிப்பு: குளிக்கும்போதும் உறங்கும்போதும் கழற்றுங்கள். நம் கோடையில் வியர்வையே கருவிக்கு முதல் பகை. இரவில் மின்கலப் பகுதியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள மூடிய பெட்டியில் வையுங்கள். பொத்தான் வடிவ மின்கலத்தின் மேலுள்ள ஒட்டுத்தாளை நீக்கியபின் ஒரு நிமிடம் காற்றுப்படவிட்டுப் பொருத்துங்கள். மின்கலங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

தறிக்கூடத்தில் கருவியை அணியாதீர்கள். அது இரைச்சலையும் பெரிதாக்கும். நிறுத்தி வைக்கப்பட்ட கருவி காதடைப்பானுக்கு மாற்றாகாது.

காதிரைச்சலைத் தாங்குதல்

காதிரைச்சல் பெரும்பாலும் செவித்திறன் குறைபாட்டின் துணைவன். முழு அமைதியில்தான் அது பெரிதாகத் தோன்றும். ஆகவே இரவில் மின்விசிறி ஓசை, மெல்லிய வானொலி, மழை ஓசைப் பதிவு போன்ற இதமான பின்னணி ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். பகலில் காது கேட்கும் கருவி அணிவதே பலருக்குக் காதிரைச்சலைக் குறைக்கிறது. உறக்கமின்மையும் மன உளைச்சலும் அதனை வளர்க்கும். அதன்மேல் கொள்ளும் அச்சத்தையும் எரிச்சலையும் குறைக்கும் உளவியல் ஆலோசனைக்கு நற்பயன் உண்டு.

செவித்திறன் குறைந்தவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்து, விசேஷங்களுக்குச் செல்வதைத் தவிர்த்து, வீட்டினுள்ளேயே தனித்துப்போவது உண்டு. மனச்சோர்வு, உறக்கமின்மை, வாழ்வில் விருப்பமின்மை ஆகியவை காணப்பட்டால், 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தொலைபேசியில் கேட்க இயலாதவர் சார்பில் குடும்பத்தினர் பேசலாம்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

- பேசத் தொடங்கும் முன் பெயரையோ உறவுமுறையையோ சொல்லி அழையுங்கள், அல்லது தோளைத் தொடுங்கள். அவர் உங்களைப் பார்த்தபின் பேசுங்கள்.
- முகத்துக்கு நேரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். சன்னலை முதுகுப்புறமாக வைத்து நிற்காதீர்கள். அடுத்த அறையிலிருந்தோ அடுப்படியிலிருந்தோ குரல் கொடுக்காதீர்கள்.
- கத்தாதீர்கள். கத்தும்போது உதட்டசைவு மாறுகிறது, சொல் சிதைகிறது, கோபம்போல் தோன்றுகிறது. சற்று நிதானமாக, தெளிவாகப் பேசினால் போதும்.
- புரியவில்லை என்றால் அதே சொல்லை மூன்று முறை கூறாமல் வேறு சொற்களில் கூறுங்கள். "பத்து மணிக்கு" என்பது புரியவில்லையெனில், "காலை டிபன் முடிந்ததும், பத்து மணிக்கு" என்று சொல்லி விரல்களையும் காட்டுங்கள்.
- பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள்.
- பணம், தேதி, மருந்து அளவு ஆகியவற்றை எழுதிக் காட்டுங்கள்.
- "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று சொல்லி விலக்காதீர்கள். வீட்டின் முடிவுகளிலிருந்து அவர் நீங்குவது பெரும்பாலும் இச்சொல்லிலிருந்தே தொடங்குகிறது. "செவிடு" என்று கேலி செய்வதைப் பிள்ளைகளிடமும் தடுங்கள்.

தறிக்கூடத்தில் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. இரைச்சலுக்கிடையே சைகையாலும் உதட்டசைவாலும் பேசிக்கொள்வது அவர்களுக்குப் பழகிய ஒன்று. அத்திறனை வீட்டிலும் பயன்படுத்தலாம்; குடும்பத்தினர் முகத்தை மறைக்காமல் பேசினால் போதும்.

பாதிக்கப்பட்டவரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். "எனக்குக் காது சற்று மந்தம், என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூறுவதில் இழிவு எதுவுமில்லை. மருத்துவமனைக்கு ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டிலும் வெளியிலும் பாதுகாப்பு

சாலையில் பின்னால் வரும் வண்டியின் ஒலிப்பான் கேளாமல் விபத்து நேரலாம். எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி சாலையின் வலப்பக்கமாக நடங்கள். இருசக்கர வாகனத்தில் இரு கண்ணாடிகளும் பொருத்துங்கள். அழைப்பு மணியுடன் மின்விளக்கு ஒளிரும் அமைப்பையும், அதிர்வு தரும் கடிகாரத்தையும் கைப்பேசியையும் பயன்படுத்தலாம். குக்கர் விசில் கேளாதவர் அடுப்பில் வைத்துவிட்டு அகலக் கூடாது. உறவினருடன் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி, காணொலி அழைப்பு ஆகியவற்றைப் பழகுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி வரும் அழைப்பில், சரியாகக் கேட்காமலே "ஆம்" என்று கூறி எண்களைப் பகிராதீர்கள்.

பணியைத் தொடர்பவர்கள் எஞ்சியதைக் காப்பது எவ்வாறு?

எல்லோராலும் தொழிலை உடனே விட இயலாது. பணியில் தொடர்ந்தால் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

- பஞ்சு போதாது. நுரையால் ஆன காதடைப்பானையோ, காதை முழுதும் மூடும் கவசத்தையோ பயன்படுத்துங்கள்.
- நுரைக் காதடைப்பான் அணியும் முறை: தூய்மையான கையால் அதனை மெல்லிய திரிபோல் உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, அடைப்பானைச் செருகுங்கள். அது விரியும் வரை 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். சரியாகப் பொருந்தியிருந்தால் உங்கள் குரலே உங்களுக்கு உள்ளிருந்து ஒலிப்பதுபோல் கேட்கும்.
- பணி நேரம் முழுவதும் அணியுங்கள். இடையிடையே கழற்றினால் பாதுகாப்பு பெருமளவு குறைகிறது.
- தறியோசையை மீறிப் பாட்டுக் கேட்பதற்காகக் காதில் இயர்போன் அணிவது இன்று இளைஞரிடையே பரவியுள்ள பழக்கம். இரைச்சலைவிட உரக்கப் பாட்டு ஒலித்தால்தான் கேட்கும். ஆகவே காது இருமடங்கு தாக்குதலுக்கு உள்ளாகிறது. இதனைக் கைவிடுங்கள்.
- தேய்ந்த பாகங்களை மாற்றுதல், எண்ணெயிடுதல், தறியின் அடியில் ரப்பர் தாங்கிகள் இடுதல், சுவர்களில் ஒலி உறிஞ்சும் பொருள் பொருத்துதல் ஆகியவை இரைச்சலைக் குறைக்கும். உரிமையாளர்கள் இதில் கவனம் செலுத்த வேண்டும்.
- இடைவேளையைக் கூடத்துக்கு வெளியே கழியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஆடியோமெட்ரி சோதனை செய்யுங்கள்.

உங்கள் உரிமைகள்

வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தால் பலர் குறையை மறைக்கின்றனர். மறைப்பதால் சேதமும் வளர்கிறது, உரிமையும் நழுவுகிறது.

இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோயாக இடம்பெற்றது. பணியிடப் பாதுகாப்பு குறித்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் அது உள்ளது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டமான ஈ.எஸ்.ஐ.யிலும், தொழிலாளர் இழப்பீட்டு விதிகளிலும் இது தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டுள்ளது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர்கள் முதலில் தங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரிடம் பணி விவரத்துடனும் ஆடியோகிராமுடனும் செல்ல வேண்டும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவு போன்று பணியாற்றிய காலத்தைக் காட்டும் எந்தச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டுத் தறிகளிலும் மிகச் சிறிய கூடங்களிலும் பணியாற்றுவோர் பலர் இச்சட்டங்களின் வரம்புக்குள் வருவதில்லை. அவர்களுக்குக் காதுப் பாதுகாப்பே முதன்மையான காப்பு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவர் செவித்திறன் குறைந்தவர். 70 டெசிபல் இழப்பு உள்ளவர் காது கேளாதவர். இரைச்சலால் மட்டும் வரும் இழப்பு பெரும்பாலும் உயர் அதிர்வெண்ணில் அமைவதால், உரையாடலில் துன்புறுவோர் பலர் இவ்வளவை எட்டுவதில்லை. சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதால் குறை இல்லை என்றோ கருவி தேவையில்லை என்றோ எண்ண வேண்டாம். சான்றிதழுக்குத் தகுதியுடையோர் தனித்துவ அடையாள அட்டை பெற்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் காது கேட்கும் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

அரசு நிறுவனப் பணியாளர் ஒருவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியானால், அக்காரணத்துக்காக அவரைப் பணிநீக்கமோ பதவிக் குறைப்போ செய்ய இச்சட்டத்தின் 20-ஆம் பிரிவு இடமளிப்பதில்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தறி வேலையை விட்டுவிட்டேன். காது இன்னும் கெட்டுக்கொண்டே போகுமா?
பழைய இரைச்சலால் வந்த சேதம் பொதுவாக அத்துடன் நிற்கும். அதன்பின் குறைவு தொடர்ந்தால் வயது மூப்போ வேறு நோயோ காரணமாகலாம், பரிசோதனை செய்யுங்கள்.

முழுவதும் செவிடாகிவிடுவேனா?
இரைச்சல் மட்டுமே செவித்திறனை முழுதும் அழிப்பது அரிது. மிகக் கடுமையான இழப்பு காணப்பட்டால் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

காது இரைச்சலுக்குப் பழகிவிட்டது. இனிப் பாதிக்காது அல்லவா?
காது இரைச்சலுக்குப் பழகுவதில்லை. இரைச்சல் முன்புபோல் தொல்லை தரவில்லை என்றால், செவித்திறன் ஏற்கெனவே குறைந்துவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம்.

காதடைப்பான் அணிந்தால் தறியின் கோளாறு ஓசை கேட்குமா?
தொடக்கத்தில் மாறுபட்டுக் கேட்கும். சில நாட்களில் பழகும். இரைச்சல் முழுவதும் குறைவதால், நூல் அறுபடும் ஓசை மாற்றத்தை உணர்வது பலருக்கு எளிதாகவே உள்ளது.

கருவி அணிந்தால் காது மேலும் சோம்பலாகுமா?
ஆகாது. செவித்திறனுக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்ட கருவி செவியைக் கெடுப்பதில்லை. அணியாமல் இருப்பதே பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனைக் குறைக்கும்.

மறதிக்கும் செவித்திறனுக்கும் தொடர்பு உண்டா?
நடுவயதில் கவனிக்கப்படாத செவித்திறன் குறைபாடு, முதுமையில் மறதி நோய்க்கான தவிர்க்கத்தக்க ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. உரிய காலத்தில் கருவி அணிந்து உரையாடலில் ஈடுபட்டிருப்பது நன்று.

உதவி பெறும் இடங்கள்

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். அங்கிருந்து காது, மூக்கு, தொண்டைப் பிரிவுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். 2007-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய காது கேளாமை தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம், மாவட்ட அளவில் செவித்திறன் பரிசோதனைக்கும் மறுவாழ்வுக்கும் வழிவகை செய்கிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விளக்கங்கள். உங்களைப் பரிசோதித்த மருத்துவரின் அறிவுரைக்கு மாற்றாகா. இரைச்சலில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவராயின், குறை தெரியாவிட்டாலும் இவ்வாண்டே ஒரு முறை செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். உடன் பணியாற்றும் இளையவரையும் அழைத்து வாருங்கள். அவர் காதில் காக்கப்பட வேண்டியது உங்களுடையதைவிட மிகுதியாக இருக்கும்.